மாத்திரை வாசலுக்கு வருகிறது. கைகொடுக்க யார் வருவார்?

மந்தைவெளிப் பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு வந்து இறங்கும் பெண்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். கையில் மதியச் சோற்றுப் பை. சிலர் மயிலாப்பூர் மாட வீதிகளின் பக்கம் நடக்கிறார்கள். சிலர் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் அடையாறுக்கும் போகிறார்கள். இன்னும் சிலர் தியாகராய நகருக்கு வேறு பேருந்து பிடிக்கிறார்கள். ஏழு மணிக்கு அவர்களுடைய ஷிப்டு தொடங்குகிறது. இந்த நகரத்தின் பழைய, வசதியான பகுதிகளில் வாழும் முதியவர்களைக் குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும், உடை மாற்றுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவதும் அவர்கள் வேலை.

அவர்களில் ஒருவர் என் அத்தையைப் பார்த்துக்கொள்கிறார். அத்தைக்கு 82 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். கணவரின் குடும்ப ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது. ஒரு ஏஜென்சி வழியாக ஆள் வைத்திருக்கிறோம். ஒரு பகலுக்கு 900 ரூபாய், மாதத்துக்கு 27,000 ரூபாய். ஓய்வூதியம் முழுவதையும் கொடுத்த பிறகும் மிச்சத்தைப் பிள்ளைகள்தான் போட வேண்டியிருக்கிறது. அந்த 900 ரூபாயில் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கைக்குப் போவது 600.

அவர் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். ஒரு காலத்தில் இதே மயிலாப்பூரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் குடியிருந்தவர். அவருக்கும் வயதான தாய் இருக்கிறார்; நினைவு தப்பத் தொடங்கிவிட்டது. தினமும் காலை தாயை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார். ஏன் பூட்ட வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “பூட்டாம வந்தா கீழே எறங்கிப் போயிடுது சார், திரும்பி வர வழி தெரியாது” என்றார்.

இந்த இரண்டு மூதாட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதியோருக்கான அரசின் செலவு தமிழ்நாட்டில் எந்தத் திசையில் வளர்ந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்பது விளங்கும். பெரும்பாக்கத்துத் தாய்க்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறது. இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருகிறது. ரேஷன் அரிசி கிடைக்கிறது. என் அத்தைக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் இருப்பதால் முதியோர் உதவித்தொகை கிடையாது; அதில் தவறும் இல்லை. ஆனால் இருவருக்குமே அன்றாடம் தேவைப்படுவது கூடவே இருக்கும் ஒரு மனிதக் கை. அதை எந்தத் திட்டமும் தருவதில்லை. ஒருவர் அதை விலைகொடுத்து வாங்குகிறார். இன்னொருவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

20 ரூபாயில் தொடங்கிய பாதை

தமிழ்நாடு இந்தத் துறையில் பின்தங்கிய மாநிலம் அல்ல. காமராஜர் ஆட்சியில் 1962-ல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1995-ல். அப்போது தொகை 75 ரூபாய். தமிழ்நாட்டில் 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் தொகை உயர்த்தப்பட்டது. அப்போது முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியதாரர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 லட்சம். இதில் மத்திய அரசின் பங்கைக் குறிப்பிட வேண்டும். 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு அது தரும் 200 ரூபாய், 2006-ல் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் விலைவாசி எங்கெங்கோ போய்விட்டது. அந்த 200 மட்டும் நகரவில்லை.

மருத்துவத்திலும் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு 1978-லேயே தொடங்கப்பட்டது, அத்துறையில் எம்.டி. பட்டமேற்படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-ல் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

கடந்த சில ஆண்டுகளில் ஏற்பட்ட பெரிய மாற்றம், அரசின் சேவை வீட்டு வாசலை நோக்கி நகர்ந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதன் பயனாளிகள் இரண்டு கோடியைத் தாண்டிவிட்டதாக 2024 இறுதியில் அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், எழுபது வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என 21 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ரேஷன் பொருட்களை வீட்டில் வழங்க ஏற்பாடு செய்தது. எழுபது வயதைக் கடந்த எவருக்கும், வருமானம் பாராமல், 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பீடு தரும் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது.

மயிலாப்பூரின் குப்பங்களிலும் குடியிருப்பு வாரிய வீடுகளிலும் இந்தச் சேவைகளை மக்கள் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று மயங்கிய முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் சொல்ல வருவது இந்தத் திட்டங்களின் குறையை அன்று. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பணம் கணக்கில் ஏறும், மாத்திரை அட்டை கைமாறும், அரிசி அளக்கப்படும். பராமரிப்பு அப்படிப்பட்டது அன்று. அது நேரத்தால் ஆனது. கழிப்பறைக்கு அழைத்துப்போக நாளுக்கு ஐந்து முறையேனும் ஒருவர் வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை அது. ஆனால் மாத்திரை பெறுவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதைப் பெறுவோர் மிகச் சிலரே. வருகைக்கும் வருகைக்கும் இடைப்பட்ட நாட்களில் நோயாளி குடும்பத்தின் பொறுப்பு.

ஏழ்மையை அளக்கிறோம், இயலாமையை அளப்பதில்லை

இந்த இடைவெளிக்கு அடிப்படைக் காரணம், உதவி யாருக்கு என்று நாம் தீர்மானிக்கும் முறை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவரிடம் அலுவலகம் கேட்கும் கேள்விகள் அனைத்தும் சொத்து, வருமானம், ஆதரிக்க ஆள் உண்டா என்பவை பற்றியவை. எழுந்து நடக்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, அடுப்பை அணைக்க நினைவிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. திடகாத்திரமான 62 வயதுக்காரருக்கும், படுத்த படுக்கையான 85 வயதுக்காரருக்கும் மாநிலம் தருவது ஒரே தொகை. அந்த 1,200 ரூபாய் என் அத்தை வீட்டுக் கணக்கில் ஒன்றரைப் பகலுக்குக்கூடப் போதாது. கிட்டத்தட்ட ஒரு மாற்றுத்திறனாளிகள் நலத் துறைதான் இதற்கு விதிவிலக்கு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், அதிக ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென 1,000 ரூபாயும் அங்கே வழங்கப்படுகின்றன. தொகை சிறிது, ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2017-18-ல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட முதுமை பற்றிய நீண்டகால ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குளித்தல், உடுத்தல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலேனும் சிரமம் இருப்பதாகக் கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2031-ல் இது 18.2 விழுக்காடாகும் என்பது அரசு நிபுணர் குழுவின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக மூப்படைந்த பெரிய மாநிலம் நம்முடையது. அடையாறு காந்தி நகரிலோ, மேற்கு மாம்பலத்திலோ, மயிலாப்பூரின் பழைய தெருக்களிலோ மாலையில் நடந்தால் இந்த எண்ணிக்கையைக் கண்ணால் காணலாம். மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக ஒருவர், பால்கனியில் ஊன்றுகோல், கைப்பேசியில் அமெரிக்கப் பேரப்பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ல் நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் முக்கியமான சட்டம். பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். பார்த்துக்கொள்ளும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறலாம். கடைசியாகச் சொன்ன உரிமையை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் வலுப்படுத்தியது. ஆனால் இந்தச் சட்டத்தின் மையக் கருத்து, பராமரிப்பு பிள்ளைகளின் கடமை என்பது. அரசின் கடமையைக் கூறும் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை அரசு ‘அமைக்கலாம்’ என்று சொல்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதுவும் வறியவர்களுக்கு மட்டும். வீட்டிலேயே இருந்து மூப்படைய விரும்புகிறவருக்கு, அதாவது ஏறக்குறைய எல்லோருக்கும், அச்சட்டம் வழங்குவது வழக்காடும் உரிமையை. படுக்கையில் இருக்கும் ஒரு தாய், தினமும் தொலைபேசியில் பேசும் மகன்மீது வழக்குத் தொடுக்க மாட்டாள். தொடுத்து வென்றாலும் கிடைப்பது பணம், ஆள் கிடைக்காது.

வெளியூர்ப் பாடங்கள்

ஏழ்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே முதியோரின் சமூகப் பராமரிப்பு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஆனால் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருப்பவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். 2010-ல் நிர்ணயித்த இந்த வரம்பை அதன்பின் ஆண்டுக்கணக்கில் உயர்த்தவில்லை. விளைவு, பண மதிப்புக் குறையக் குறையத் தகுதி பெறுவோர் சுருங்கினார்கள். 2015-16-ல் 18 லட்சமாக இருந்த புதிய விண்ணப்பங்கள் 2022-23-ல் 20 லட்சத்தைத் தாண்டின. அதே காலத்தில் நீண்டகாலப் பராமரிப்பு பெற்றோரின் எண்ணிக்கை 8.7 லட்சத்திலிருந்து 8.4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கேட்பவர் கூடினார்கள், பெறுபவர் குறைந்தார்கள். 2006-ன் 200 ரூபாயை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. நாற்பது வயதைக் கடந்த அனைவரும் சந்தா செலுத்துகிறார்கள். வரிப் பணமும் சேர்கிறது. முதியவரின் இயலாமையை ஏழு நிலைகளாக மதிப்பிட்டு, அதற்கேற்ப வீட்டு உதவி, பகல்நேரப் பராமரிப்பு ஆகியவை வழங்கப்படுகின்றன. பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்கிறார்கள். வசதியானவர் சற்றுக் கூடுதலாக. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, உங்களால் என்ன செய்ய முடியவில்லை என்பது.

ஜப்பானின் செல்வம் நமக்கு இல்லை என்பார்கள். சரி, கேரளத்தைப் பார்ப்போம். 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு, அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்து வளர்ந்தது. 2008-ல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்குச் செல்கிறார். முழுநேரமும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே உண்டு. பார்த்துக்கொள்வதும் உழைப்புதான் என்று ஓர் அரசு பணத்தால் ஒப்புக்கொண்டதே அதன் சிறப்பு.

கணக்கில் வராத உழைப்பு

குடும்பம் இருக்கும்போது அரசு எதற்கு என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். நம் பண்பாட்டில் பெற்றோரைப் பேணுவது கடமை மட்டுமன்று, பெருமை. ஆனால் ‘குடும்பம்’ என்று நாம் சொல்லும்போது நடைமுறையில் அது ஒரு பெண்ணைக் குறிக்கிறது. 2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டனர்; ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சுமார் 140 நிமிடங்கள். ஆண்கள் 74 நிமிடங்கள். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்ததே. வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளும், திருமணத்தைத் தள்ளிப்போட்ட மகளும் நம் எல்லோருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இழந்த சம்பளம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வருவதில்லை.

அந்தப் பெண் இல்லாத வீட்டில், அல்லது அவள் வேலைக்குப் போகும் வீட்டில், இன்னொரு பெண் வந்து நிற்கிறாள். அவள் வேறொரு வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறாள். கடந்த பல ஆண்டுகளில் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தவர்கள் கண்ணகி நகருக்கும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வேலை மட்டும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தங்கிவிட்டது. முன்பு மதியம் ஒரு நடை போய்த் தாய்க்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிய பெண், இன்று ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் தாயைப் பூட்டிவிட்டு வருகிறார். நகர்ப்புறக் குடியேற்றத்தை வீட்டுவசதிப் பிரச்சினையாக மட்டுமே பேசி வந்திருக்கிறோம். அது முதியோர் பராமரிப்புப் பிரச்சினையுமாகும்.

இந்தப் பெண்களுக்கு முறையான பயிற்சி இல்லை; வார விடுமுறைக்கு உறுதி இல்லை; தூக்கித் தூக்கி இடுப்பு போனால் கேட்க நாதியில்லை. வேலைக்கு வைக்கும் குடும்பத்துக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. யாரை நம்பி விடுகிறோம் என்பது தெரியாமலே பெற்றோரை ஒப்படைக்கிறோம். ஏஜென்சிகளைப் பொறுத்தவரை, நாங்கள் அழைத்த மூன்றில் ஒன்றுகூட, அனுப்பும் ஆளுக்கு என்ன பயிற்சி தந்தீர்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லவில்லை.

செய்யக்கூடியவை

முதலாவதாக, எண்ண வேண்டும். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும், பிறர் உதவியின்றி அன்றாட வாழ்வை நடத்த இயலாத முதியோர் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற பதிவேடு வேண்டும். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் அதே ஏட்டில் நடை, குளியல், நினைவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள அதிகச் செலவு ஆகாது.

இரண்டாவதாக, பகல்நேர மையங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய ‘அன்புச்சோலை’ முதியோர் மையங்கள் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் மாநிலம் முழுவதற்கும் 25 என்பது தொடக்கம் மட்டுமே. அதைவிட முக்கியம், அவை யாருக்கு என்பது. நடந்து வரக்கூடியவர்கள் பேசிப் பழகும் இடமாக மட்டும் அவை நின்றுவிடக் கூடாது. நினைவு தப்பியவரையும் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் வீட்டிலிருந்து அழைத்துவந்து மாலையில் கொண்டுபோய் விடும் மையமே, ஒரு மகளை வேலைக்குப் போக விடும். முதல் மையங்கள் மயிலாப்பூரில் அமைவதைவிடப் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அமைவதே நியாயம். அதன் பலன் மயிலாப்பூருக்கும் வந்து சேரும்.

மூன்றாவதாக, பராமரிப்புப் பணியாளருக்குப் பயிற்சியும் பதிவும் நலவாரியப் பாதுகாப்பும் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும். ஏஜென்சிகளுக்கு உரிமமும், கூலியில் பிடிக்கும் தொகைக்கு உச்சவரம்பும் வேண்டும். நான்காவதாக, வீட்டுக்கு வந்து சில மணி நேரம் உதவும் பொதுச் சேவை ஒன்றைச் சில வார்டுகளில் சோதனையாகவேனும் தொடங்க வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாகவும், என் அத்தை போன்றவர்களுக்கு வருமானத்துக்கேற்ற கட்டணத்திலும் அது இயங்கலாம். நடுத்தர வர்க்கம் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் பொதுச் சேவையின் தரம் எளிதில் வீழ்வதில்லை. வீழ்ந்தால் கேள்வி கேட்க ஆட்கள் இருப்பார்கள்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். பராமரிப்பு இல்லாததால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கும், படுக்கைப் புண் முற்றியவருக்கும் அரசுக் காப்பீடு இன்றே பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்க முன்வரும் அரசு, அந்த அறுவையைத் தவிர்க்கக்கூடிய ஒரு மணி நேர உதவிக்கு எதையும் ஒதுக்குவதில்லை. முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமைக்குத் தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு வழிவகை செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 41-ஆவது கூறு சொல்கிறது. 1962-ல் இருந்த தமிழ்நாட்டின் பொருளாதார வலிமைக்கு ஏற்றது 20 ரூபாய். இன்றைய வலிமைக்கு ஏற்றது எது என்பதை நாம் இன்னும் விவாதிக்கவே தொடங்கவில்லை.

சென்ற மாதம் ஒருநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் அவருடைய தாய் வழுக்கி விழுந்து, மாலை வரை எழ முடியாமல் கிடந்திருக்கிறார் என்று மறுநாள் தெரிந்தது. எலும்பு முறியவில்லை. நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு, ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு அதே பேருந்தில் வந்து இறங்கினார். கூலி இல்லாமல் அதற்கு மேல் இருக்க முடியாது. சாவி மறுபடியும் பக்கத்து வீட்டில் இருக்கிறது.